லைட்டைப் போட்டால் இஞ்சின் நடுங்குகிறது: ஆல்டர்னேட்டரை மாற்றலாமா?

கேள்வி: கொட்டகலையில் இருந்து நுவரெலியாவில் உள்ள பாடசாலைக்குத் தினமும் காரில் போய்வருகிறேன். அப்பா வைத்திருந்த டொயோட்டா கொரோலா 110, 1998ஆம் ஆண்டு வண்டி, மெனுவல் கியர். காலையில் லிந்துலையைத் தாண்டினால் ஒரே பனிமூட்டம். ஹெட்லைட், ஹீட்டர் காற்று, பின் கண்ணாடி ஹீட்டர், வைப்பர் எல்லாவற்றையும் போட வேண்டியிருக்கிறது. அப்படிப் போட்டுக்கொண்டு எங்காவது நின்றால் இஞ்சின் நடுங்குகிறது, லைட் மங்குகிறது. இரண்டு முறை நின்றும்விட்டது. ஒரு கராஜில் ஸ்குரூவைத் திருப்பி ஐட்லிங்கை (சும்மா நிற்கும்போது இஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றை) 1000க்கு ஏற்றித் தந்தார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை, இப்போது எல்லாவற்றையும் போட்டால் சுற்றுக் காட்டும் மீட்டரின் ஊசி 600க்கு விழுகிறது. பெட்டரி புதிதாகப் போட்டேன், மாற்றமில்லை. அடுத்து ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். தம்பி கொழும்பில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லையே அக்கா" என்கிறான். இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ தெரியாது: முன்பு இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டி பிடித்துக்கொண்டு இறங்கும், இப்போது அப்படிப் பிடிப்பதில்லை. பெட்ரோலும் கூடக் குடிக்கிறது. 95 ஒக்டேன் அடித்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு டிரைவர். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பதுளை போக வேண்டும். நம்பி எடுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: டீச்சர், ஆல்டர்னேட்டருக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். அது கெட்டே போகவில்லை என்று வண்டியைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்கள் வேறு பக்கம் கையைக் காட்டுகின்றன. அதிலும், சம்பந்தம் உண்டோ தெரியாது என்று தயங்கித் தயங்கி எழுதினீர்களே, இறக்கத்தில் பிடிக்காத விஷயம், எனக்கு அதுதான் பெரிய அடையாளம்.

முதலில் லைட்டுக்கும் இஞ்சினுக்கும் என்ன உறவு என்று பார்ப்போம். கரண்ட் சும்மா வருவதில்லை, இஞ்சின் பெல்ட் போட்டுச் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் அதைத் தருகிறது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட். பின் கண்ணாடி ஹீட்டர், ஹீட்டர் காற்றாடி, வைப்பர், பார்க் லைட் என்று கூட்டிக்கொண்டே போனால் 500 வாட்டை ஒட்டி வரும். ஆல்டர்னேட்டர் தான் வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் கரண்டாகத் திருப்பித் தரும், மிச்சம் சூடாகப் போய்விடும். ஆகவே இந்த 500 வாட்டுக்காக பெல்ட் வழியாக இஞ்சினிடம் இருந்து ஏறக்குறைய ஒரு குதிரைவலுவுக்கு மேல் பிடுங்கப்படுகிறது. ரோட்டில் ஓடும்போது இது ஒரு கணக்கே இல்லை. 750இல் சும்மா நிற்கும் 1500 சீசீ இஞ்சினுக்கு இது பாரம்.

அந்தப் பாரம் ஏறும்போது இஞ்சினுக்குக் கொஞ்சம் கூடக் காற்று வேண்டும். நீங்கள் பெடலில் கால் வைக்காதபோது, இஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் தட்டு மூடிக் கிடக்கும். காற்று பக்கத்தில் உள்ள ஒரு சின்னப் பாதை வழியாகப் போகும். அந்தப் பாதையைத் திறந்து மூட ஒரு வால்வு இருக்கிறது. எங்கள் ஊர் கராஜ்களில் ஐட்ல் வால்வு என்பார்கள், ஐ.எஸ்.சி. என்றும் சொல்வார்கள். ஊசி இறங்குகிறது என்று கண்டதும் இஞ்சினின் கணினி அந்த வால்வைத் திறந்துவிடும். டொயோட்டாவில் இன்னொரு வசதியும் உண்டு: பார்க் லைட்டையோ பின் கண்ணாடி ஹீட்டரையோ போட்டவுடனேயே கணினிக்குத் தனி வயரில் தகவல் போய்விடும், ஊசி விழும் வரை அது காத்திருக்காது. (அப்பா எப்போதாவது பெட்டரியில் இருந்து நேரே வயர் இழுத்து மிஸ்ட் லைட் பூட்டியிருந்தால், அதைப் பற்றிக் கணினிக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த வால்வும் அதன் பாதையும் 25 வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் எப்படி இருக்கும்? கரி படிந்து, தார் பூசியது போல் இருக்கும். வால்வு முழுதாகத் திறந்தாலும் போதிய காற்று போகாது. ஊசி விழும். ஊசி விழுந்தால் ஆல்டர்னேட்டரின் சுற்றும் குறையும், வோல்டேஜ் இறங்கும், லைட் மங்கும். வோல்டேஜை மீட்க ஆல்டர்னேட்டர் இன்னும் பலமாக இஞ்சினை இழுத்துப் பிடிக்கும். அதனால் ஊசி இன்னும் விழும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு லைட் மங்குவது மட்டும்தான் கண்ணில் படும், உடனே பெட்டரி, ஆல்டர்னேட்டர் என்று வாயில் வந்துவிடும். பெட்டரியை மாற்றினீர்கள், மாறவில்லை. மாறியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

சரி, தம்பிக்குக் கொழும்பில் ஏன் தெரியவில்லை? அவர் பொய் சொல்லவில்லை. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு திறந்த பாதையில் கொழும்பில் போகும் காற்றைவிட நுவரெலியாவில் எடை குறைந்த காற்றுதான் போகும். கொழும்பில் பாதி திறந்து சமாளிக்கும் வால்வு இங்கே இன்னும் அகலத் திறக்க வேண்டும். கரி பிடித்த பாதையில் அந்த மிச்சம் இருப்பு இல்லை. போதாததற்கு, கொழும்பில் பகல் வெயிலில் யார் ஹெட்லைட்டும் ஹீட்டரும் பின் கண்ணாடிச் சூடும் ஒன்றாகப் போடுகிறார்கள்? மலைநாட்டு வண்டியை மலைநாட்டிலேயே, காலைக் குளிரில், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால்தான் நோய் தெரியும். சமவெளியில் இருந்து வாங்கி வந்த பல பழைய கார்கள் இங்கே வந்ததும் "கெட்டுப்போவது" இப்படித்தான்.

இனி அந்த ஸ்குரூ. எந்த ஸ்குரூ என்று நீங்கள் எழுதவில்லை. அடையாளங்களை வைத்துப் பார்த்தால் த்ராட்டில் தட்டைத் தாங்கும் ஸ்டொப் ஸ்குரூவைத்தான் திருப்பியிருக்கிறார்கள். அந்த ஸ்குரூ ஐட்லிங் ஏற்றி இறக்குவதற்காக வைத்தது இல்லை. தட்டு போய் உள்சுவரில் இறுகிவிடாமல் இருக்க கம்பனியில் அளந்து வைத்துவிட்ட ஒன்று. அதைத் திருப்பினால் தட்டு மயிரிழை திறந்தபடி நிற்கும், காற்று கூடும், ஊசி 1000க்கு ஏறும். பார்ப்பதற்கு வேலை முடிந்தது போல் இருக்கும்.

ஆனால் தட்டின் அச்சில் ஒரு சென்சர் இருக்கிறது. தட்டு முழுதாக மூடியிருக்கிறது என்று அது சொன்னால்தான் "டிரைவர் காலை எடுத்துவிட்டார், இனி ஐட்லிங் என் பொறுப்பு" என்று கணினி எடுத்துக்கொள்ளும். தட்டு திறந்தே நின்றால் நீங்கள் பெடலை மெல்ல மிதித்துக்கொண்டிருப்பதாக அது நினைக்கிறது. ஐட்லிங்கைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. பாரம் ஏறி ஊசி 600க்கு விழுந்தாலும் வால்வைத் திறந்து தூக்கிவிட யாரும் இல்லை. கரியால் வந்த குறையை மறைக்கப் போய், அந்தக் குறையைச் சமாளித்துக்கொண்டிருந்த கணினியையும் வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள்.

இறக்கத்தில் பிடிக்காததும் இதே காரணம்தான். கியரில் இருந்தபடி காலை எடுத்தால், சுற்று போதிய அளவு மேலே இருக்கும் வரை, கணினி பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். அப்போது சக்கரம் இஞ்சினைச் சுற்றும், இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். தட்டு மூடவில்லை என்று தகவல் போனால் பெட்ரோல் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். இறக்கத்தில் பிடியும் குறையும், செலவும் கூடும். தலவாக்கலை, நானுஓயா என்று தினமும் ஏறி இறங்கும் உங்களுக்கு இது மாதக் கடைசியில் பர்ஸில் தெரியத்தான் செய்யும். பெட்ரோல் கூடக் குடிப்பது ஸ்குரூ திருப்பிய பிறகா, முன்பே இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பிறகுதான் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை உறுதிப்படுத்த ஒரு லேசான வழி இருக்கிறது. போனட்டின் கீழ் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். அதில் டீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, ஏ.சி.யை அணைத்து, பெடலில் கால் வைக்காமல் சாவியை மட்டும் ஓனில் வைத்தால், மீட்டரில் உள்ள இஞ்சின் லைட் மினுங்கத் தொடங்கும். ஐந்து மினுக்கம், சின்ன இடைவெளி, ஒரு மினுக்கம் என்று வந்தால் அது 51ஆம் இலக்கம். காலை எடுத்த தகவல் கணினிக்குப் போகவில்லை என்று பொருள். பழைய டொயோட்டா தெரிந்த எந்த மெக்கானிக்கும் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். துளை மாறிக் குத்தினால் வேறு எதையாவது எரித்துவிட நேரும், ஆகவே இதை நீங்களே செய்ய வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய வேலையும் பெரிதல்ல. காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடியை இறக்கி, வால்வையும் பிரித்து, ஸ்ப்ரே க்ளீனரும் மெல்லிய பிரஷும் கொண்டு கரியை எடுக்க வேண்டும். வண்டியில் இருந்தபடியே வாய்க்குள் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது பாதி வேலைதான். இந்த வால்வு அடியில் இருக்கிறது, கரி அங்கேதான் கட்டியாக இருக்கும். அதன் வழியே ரேடியேட்டர் தண்ணீர் போகும் குழாய்களும் உண்டு, இஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், பூட்டும்போது கேஸ்கட் புதிது போட வேண்டும், குறைந்த தண்ணீரை நிரப்பிக் காற்றை எடுக்க வேண்டும். சென்சருக்குள் ஸ்ப்ரே போகக் கூடாது. அப்புறம் ஸ்குரூவைப் பின்னே எடுத்து, தட்டு முழுதாக மூடும் இடம் கண்டு, அது சுவரில் இறுகாத அளவுக்கு மட்டும் திரும்ப வைத்து, சென்சரின் இருக்கையையும் சரிபார்த்து, 51 மறைந்ததா என்று மறுபடி பார்க்க வேண்டும். கடைசியாக ஈ.எஃப்.ஐ. பியூஸைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துப் பூட்டினால் கணினி பழைய கணக்கை மறந்து புதிதாகப் பழகும். முதல் நாள் ஐட்லிங் சற்று ஏறி இறங்கினால் பயப்படாதீர்கள்.

வால்வைக் கழுவியும் அது அசையவில்லை என்றால் மட்டும் மாற்று வால்வு தேடலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் கிடைக்கும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய வண்டிகளுக்கெல்லாம் மவுசு கூடிப்போனது, சாமானுக்கும் அப்படியே. கையில் எடுத்துப் பார்த்து, உள்ளே இருக்கும் தட்டு லேசாகத் திரும்புகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இனி ஆல்டர்னேட்டர் மேல் பழி இருக்கிறதே, அதையும் தீர்த்துவிடலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், நீங்களே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் பெட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து எல்லாம் அணைத்திருக்கும்போது 13.8இல் இருந்து 14.5க்குள். பிறகு எல்லாவற்றையும் போடுங்கள். ஐட்லிங்கில் இறங்கும், அதை விடுங்கள். ஒருவரை பெடலை மிதித்து ஊசியை 2000இல் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது 13.5க்கு மேல் ஏறி நின்றால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. 2000இலும் 13ஐத் தொடவில்லை என்றால்தான் அதன் பெல்ட்டையும், உள்ளே இருக்கும் பிரஷையும், கரண்டை ஒரே திசைக்குத் திருப்பும் டயோடையும் சந்தேகிக்க வேண்டும். பெல்ட்டை முதலில் பாருங்கள். காலை ஈரத்தில் கீச்சென்று கத்தினால் அது வழுக்குகிறது.

டயோட் போனதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. ரேடியோவில் இஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு இரைச்சல், இரவில் காரணமின்றி பெட்டரி இறங்குவது. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் (வீட்டுக் கரண்ட் அளக்கும் இடத்தில்) வைத்து பெட்டரியில் பிடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மலிவு மீட்டர்கள் சில இந்த இடத்தில் 20, 30 என்று உளறும், அதைப் பார்த்து ஓடிப்போய் ஆல்டர்னேட்டர் வாங்காதீர்கள்.

மலைநாட்டு ஈரத்தில் நான் தவறாமல் பார்ப்பது, பெட்டரியின் மைனஸை இஞ்சினோடு இணைக்கும் ஏர்த் வயர். எல்லா லைட்டும் எரிய, மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் மைனஸ் கட்டையிலும் மறுமுனையை இஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரின் முனை பூத்துப்போயிருக்கிறது. கழற்றி, மணல் தாள் போட்டு, இறுக்கினால் சரி. பெட்டரி மாற்றியவர்கள் முனையைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தாலும் இதிலேயே தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று, இஞ்சின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. யாராவது ஸ்பானரோடு பெட்டரிப் பக்கம் போனால் "வேண்டாம் அண்ணே" என்று தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எழும் வோல்டேஜ் கணினியையே பொசுக்கிவிடக் கூடும். டைனமோ காலத்துப் பழக்கம் அது.

இதையெல்லாம் செய்த பிறகும் நடுக்கம் இருந்தால் ஊசியைப் பாருங்கள். ஊசி அசையாமல் 750இல் நிற்க, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் நடுங்கினால் இஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்துவிட்டது. ஊசி விழாமல் துடித்துத் துடித்து நின்றால், பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் பக்கம் போங்கள். பனி ஈரத்தில் கேப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியாக நெருப்பு கசியும். வெயில் ஏறியதும் வண்டி நல்ல பிள்ளை ஆகிவிடும். உங்கள் வண்டியில் ஊசி விழுகிறது, ஆகவே இது இரண்டாம் பட்சம்.

95 ஒக்டேன் பற்றி: பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஒக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடித்து இஞ்சின் தட்டாமல் இருப்பதற்கான அளவு, பலத்துக்கான அளவு இல்லை. உங்கள் இஞ்சினுக்கு 92 போதும். அந்த வித்தியாசக் காசைச் சேர்த்தால் க்ளீனர் டின் வந்துவிடும்.

பதுளைக்குப் போகலாமா? ஸ்குரூவையும் கரியையும் சரிசெய்துவிட்டுப் போங்கள். ஒரு நாள் வேலைதான், கல்யாணத்துக்கு முன் முடித்துவிடலாம். முடியாவிட்டால், நுவரெலியாவில் இருந்து ஹக்கல, வெலிமடை வழியாக இறங்கும் நீண்ட இறக்கம் உங்கள் வண்டிக்கு இப்போது நல்லதில்லை என்பதை மனதில் வையுங்கள். இஞ்சின் பிடி குறைந்திருப்பதால் பிரேக்கில் பாரம் கூடும். வழக்கமாக இறங்கும் கியரைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள், நியூட்ரலில் விடவே வேண்டாம். வளைவில் வேகம் குறைக்கும்போது கிளட்ச்சை முன்கூட்டியே மிதிக்காதீர்கள். கியரில் இருக்கும் வரை சக்கரமே இஞ்சினைச் சுற்றும், அது அணையாது. கிளட்ச் மிதித்தவுடன் ஊசி விழுந்து நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் லேசாக இருக்கும், பிறகு கல் போல் இறுகும். அப்படி ஆனால் பிரேக்கைப் பம்ப் பண்ணாமல் ஒரே மிதியாகப் பலமாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள், சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மூட்டத்தில் நிற்க வேண்டி வந்தால் முதலில் பின் கண்ணாடி ஹீட்டரை அணையுங்கள், பிறகு காற்றாடியைக் குறையுங்கள். ஹெட்லைட்டில் கை வைக்காதீர்கள், எதிரே வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். முன் கண்ணாடி ஆவி பிடித்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சூடான காற்றோடு ஏ.சி.யையும் சேர்த்துப் போடுங்கள், ஏ.சி. காற்றின் ஈரத்தை எடுத்துவிடுவதால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். நிற்கும் முன் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

கழுவிப் பூட்டிய பிறகு, காலைக் குளிரில் நானுஓயாப் பக்கம் எல்லாவற்றையும் போட்டு நிறுத்திப் பாருங்கள். ஊசி ஒரு கணம் இறங்கி மறுபடி 750க்கு வந்து நின்றால் வேலை முடிந்தது. வராவிட்டால் 2000இல் எடுத்த வோல்டேஜையும் ஏர்த் வயரின் அளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேசலாம்.